ஹாலிஃபாக்ஸில் 206-ஆம் எண்

ஜூன் 3, செவ்வாய்

கனடாவின் கிழக்குக் கரையில் இருக்கும் ஹாலிஃபாக்ஸ் வந்துவிட்டது என்று அறிவித்த பிறகும் விமானம் இறங்கவில்லை. கீழே மூடுபனி. ஓடுபாதை தெரியும்வரை வட்டமடித்துக்கொண்டே இருந்தோம். பக்கத்து இருக்கைப் பெரியவர், "இந்த ஊரில் ஜூன் மாதம் இப்படித்தான். இன்னொரு தூக்கம் போடுங்கள்" என்று சொல்லிவிட்டுத் தானும் கண்ணை மூடிக்கொண்டார். ஒருவழியாக இறங்கினால் என் பெட்டி வரவில்லை. கணவரின் பெட்டி மட்டும் சமர்த்தாக வந்து நின்றது. அவருக்கு இங்கே அலுவலகக் கூட்டம், நான் ஊர் பார்க்க ஒட்டிக்கொண்டு வந்தவள். "கூட்டத்துக்குப் போகிறவன் சட்டையாவது வந்ததே" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

விமான நிலையம் ஊரிலிருந்து 35 கிலோமீட்டர் தள்ளி, காட்டுக்கு நடுவில். டாக்சிக்கு எழுபது டாலருக்கு மேல் ஆகும் என்றார்கள். பஸ்ஸே போதும் என்று ஏறினோம். இறங்கும்போது ஒவ்வொருவரும் ஓட்டுநருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறார்கள், பின்கதவு வழியாக இறங்குகிறவர்கள்கூடச் சத்தம் போட்டுச் சொல்கிறார்கள். டொரோண்டோவில் நான் பார்த்ததில்லை. தெருவைக் கடக்கலாமா என்று நடைபாதை ஓரத்தில் யோசித்துக்கொண்டு நின்றாலே கார்கள் நின்றுவிடுகின்றன. கடக்கும் எண்ணமே இல்லாமல் நின்றிருந்த என்னால் இரண்டு கார்கள் நின்றன. அதற்காகவே கடந்தேன்.

இரவுச் சாப்பாடு டோனேர். மசாலா சேர்த்த மாட்டிறைச்சியை மெல்லியதாகச் சீவி, பிட்டா ரொட்டியில் தக்காளி, வெங்காயத்தோடு சுற்றித் தருவது. இதுதான் ஹாலிஃபாக்ஸின் அதிகாரபூர்வ உணவு என்று 2015-ல் நகரசபையே ஓட்டெடுத்து அறிவித்திருக்கிறது. இறைச்சி நன்றாகவே இருந்தது. மேலே ஊற்றும் வெள்ளைச் சாறுதான் வில்லங்கம். டின் பால், சர்க்கரை, வினிகர், பூண்டுப்பொடி சேர்த்தது. பூண்டு போட்ட பால்கோவாவைக் கரைத்து ஊற்றினால் எப்படி இருக்குமோ அப்படி. அது முழங்கை வழியாக இறங்கி, என்னிடம் இருந்த ஒரே சட்டையில் சொட்டியது. விலைப்பட்டியலில் 13 டாலர், வரியும் டிப்ஸும் சேர்ந்து கையைவிட்டுப் போனது 17-க்கு மேல்.

ஜூன் 4, புதன்

சட்டையை இரவே அலசிக் காயப்போட்டேன், காலையிலும் ஈரம். இந்தக் காற்றில் எதுவும் காயாது போல. கணவரின் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, துறைமுகத்தை ஒட்டிய அட்லாண்டிக் கடல்சார் அருங்காட்சியகத்துக்குப் போனேன்.

டைட்டானிக் என்றால் நம்மில் பலருக்குச் சினிமா, அதற்கடுத்து நியூயார்க். கப்பல் போய்ச் சேர வேண்டிய ஊர் அது. ஆனால் இறந்தவர்கள் வந்து சேர்ந்த ஊர் ஹாலிஃபாக்ஸ். கடலடித் தந்திக் கம்பி பழுதுபார்க்கும் மக்கே-பென்னட் என்ற கப்பலை, டைட்டானிக்கின் சொந்தக்காரர்களான வைட் ஸ்டார் கம்பெனி வாடகைக்கு எடுத்து, ஐஸ் கட்டியும் சவப்பெட்டிகளும் ஏற்றி, 1912 ஏப்ரல் 17 அன்று இங்கிருந்து அனுப்பியது. அந்த ஒரு கப்பல் மட்டுமே 306 உடல்களை எடுத்தது. கொண்டுபோன பெட்டி போதவில்லை, உடல் கெடாமலிருக்கப் பூசும் மருந்தும் போதவில்லை. 116 பேரைக் கடலிலேயே திரும்ப இறக்கிவிட்டார்கள். யாரை இறக்குவது, யாரைக் கரைக்குக் கொண்டுவருவது என்பதிலும் டிக்கெட் வகுப்பு பேசியது. முதல் வகுப்புக்காரர்களுக்குச் சவப்பெட்டி, இரண்டாம் மூன்றாம் வகுப்புக்குக் கித்தான் பை, கப்பல் சிப்பந்திகளுக்கு அதுவும் இல்லை. கரையில் ஐஸ் விளையாட்டு அரங்கம் ஒன்று சவக்கிடங்கானது.

அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டியில் ஜோடிச் செருப்பு இருக்கிறது. செருப்பு என்பதைவிடக் குழந்தைகளின் பழுப்பு நிறத் தோல் ஷூ. முன்பக்கம் தேய்ந்திருக்கிறது. நடக்கத் தொடங்கிய குழந்தை என்று பார்த்தாலே தெரிகிறது. நினைவுப்பொருள் சேர்க்கிறவர்கள் கையில் சிக்கக் கூடாது என்று இறந்தவர்களின் துணிமணிகளை எரித்துவிடச் சொல்லியிருக்கிறார்கள். காவலுக்கு நின்ற கிளாரன்ஸ் நார்த்ஓவர் என்ற போலீஸ் சார்ஜன்ட்டுக்கு இந்த ஷூவை மட்டும் நெருப்பில் போட மனம் வரவில்லை. மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். அவர் குடும்பத்தார் 2002-ல் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள்.

ஷூவையே பார்த்துக்கொண்டு நின்ற என்னிடம் அங்கிருந்த தன்னார்வலர் ஒருவர், எழுபது வயதிருக்கும், வந்து பேச்சுக் கொடுத்தார். "இந்தக் குழந்தைக்கு இதுவரை மூன்று பெயர் மாறியிருக்கிறது, தெரியுமா? முதல் பெயர் ஸ்வீடன்காரப் பையனுடையது. அவன் அம்மா ஃபேர்வியூவில் இருக்கிறாள். நாளைக்குப் போங்கள், மழை வரும், குடை எடுத்துக்கொள்ளுங்கள்." ஏதோ உறவுக்காரர் வீட்டுக்கு வழி சொல்கிற தோரணை. அவர் குரலில் சோகமெல்லாம் இல்லை.

அந்த அம்மாவின் பெயர் ஆல்மா போல்சன். வயது 29.

மதியம் 12 மணிக்குக் கோட்டையிலிருந்து பீரங்கி வெடித்தது. தினமும் வெடிப்பதாம். சூப் குடித்துக்கொண்டிருந்த நான் கரண்டியைப் போட்டுவிட்டேன், பக்கத்து மேசைக்காரர்கள் நாகரிகமாக வேறுபக்கம் பார்த்துக்கொண்டார்கள். மீன், சிப்பி, உருளைக்கிழங்கு போட்ட பால் சூப், 15 டாலர், அந்த விலைக்குத் தகும்.

இரவு பெட்டி வந்துவிட்டது. ஒரு சக்கரத்தைக் காணோம்.

அப்புறம் தூக்கம் வராமல், இந்த மாகாணமான நோவா ஸ்கோஷியாவின் ஆவணக் காப்பகம் இணையத்தில் ஏற்றி வைத்திருக்கும் பட்டியலைப் படித்தேன். ஜான் ஹென்றி பார்ன்ஸ்டெட் என்று ஒரு பிறப்பு இறப்புப் பதிவாளர் அப்போது இங்கே இருந்தார். அவர் ஏற்பாட்டில், எடுத்த ஒவ்வொரு உடலுக்கும் ஒரு எண். அதே எண் சிறு துணிப்பையிலும், பையில் அவரவர் சட்டைப்பையில் இருந்த சாமான்கள். அதே எண் ஏட்டிலும், எதிரே முடி நிறம், உடை, பொருள் விவரம். 1917-ல் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்து ஊரே நாசமானபோதும் இதே முறையைத்தான் கையாண்டிருக்கிறார்கள்.

206-ஆம் எண், ஆல்மா. பெண், வயது சுமார் 30, வெளிர் நிற முடி. பழுப்புக் கோட்டு, பச்சைக் கம்பளிச் சட்டை, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பாவாடை. காலில் பூட்ஸ், காலுறை இல்லை. கல்யாண மோதிரம். ஒரு மௌத் ஆர்கன். பர்ஸில் இரண்டு காசு. 65 க்ரோனர். கணவரின் கடிதம், சிகாகோ டவுன்சென்ட் தெரு முகவரி. மூன்றாம் வகுப்பு டிக்கெட், எண் 349909, ஐந்து படுக்கைகள். கூடவே ஒரு வரி: நான்கு பிள்ளைகளோடு பயணம் செய்தவள்.

காலுறை இல்லாத பூட்ஸிலேயே நின்றுவிட்டேன். ஏப்ரல் மாத அட்லாண்டிக் குளிரில், நள்ளிரவில், நாலு பிள்ளைகளுக்கும் உடுத்திவிட்டு, தனக்குக் காலுறை போட நேரமில்லாமல் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடியிருக்கிறாள். எழுதிய குமாஸ்தா அதையெல்லாம் நினைத்து எழுதவில்லை. இருந்ததை இருந்தபடி, இல்லாததை இல்லை என்று குறித்துவிட்டு 207-க்குப் போய்விட்டார்.

ஜூன் 5, வியாழன்

அருங்காட்சியகத்துத் தன்னார்வலர் சொன்னபடியே மழை. பஸ்ஸில் ஃபேர்வியூ லான் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். நகரின் வடக்கு ஓரம், ஒரு பக்கம் கார்கள் இரைந்துகொண்டு போகிற சாலை. டைட்டானிக்கில் இறந்த 121 பேர் இங்கே இருக்கிறார்கள். மற்ற இரண்டு கல்லறைத் தோட்டங்களையும் சேர்த்தால் ஹாலிஃபாக்ஸில் 150 பேர். சரிவில் வளைந்து போகும் வரிசைகள், கப்பல் கம்பெனி செலவில் வைத்த ஒரே மாதிரிச் சிறிய கருங்கற்கள். பெயர் தெரிந்தவர்களுக்குப் பெயர், தெரியாதவர்களுக்கு எண் மட்டும். வரிசை வளைந்திருப்பது கப்பலின் வடிவம் என்று ஒரு சுற்றுலா வழிகாட்டி விளக்கிக்கொண்டிருந்தார். நிலம் அளந்தவர் மேட்டின் சரிவை அனுசரித்துக் கோடு போட்டார், அவ்வளவுதான் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குக் கப்பல்தான் பிடித்திருந்தது.

அந்தக் கூட்டம் நேராகப் போன கல் 227. 'ஜே. டாசன்'. சினிமாவில் வரும் ஜாக் என்று நினைத்துப் பூவும் காசும் வைத்துவிட்டுப் போகிறார்கள். அது ஜோசப் டாசன், கப்பலின் அடியில் கரி அள்ளிய தொழிலாளி. கரி அள்ளியவனுக்கும் யாராவது பூ வைக்கட்டுமே, எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் கொஞ்ச தூரத்தில் இருக்கும் ஆல்மாவின் கல் முன்னால் நான் நின்றிருந்த நேரம் முழுக்க ஒருவரும் வரவில்லை.

ஆல்மாவின் கல்லில் குடும்பப்பெயரை ஆங்கிலப் பாணியில் பால்சன் என்று செதுக்கியிருக்கிறார்கள். நான்கு பிள்ளைகளோடு இறந்தவள் என்று எழுதி, கீழே பிள்ளைகளின் பெயரும் இருக்கிறது. டோர்போர்க்குக் கப்பல் ஏறும்போது 8 வயது. பால் 6, ஸ்டீனா 3, கோஸ்டா 2. இவர்களில் ஒருவர் உடலும் கிடைக்கவில்லை. கல்லில் மட்டும் அம்மாவோடு இருக்கிறார்கள்.

ஆல்மா தெற்கு ஸ்வீடனின் ஸ்கோனே பகுதிக்காரி. பிறந்த வீட்டுப் பெயர் பெர்க்லுண்ட். கணவன் நில்ஸ், ப்யூவ் பக்கத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. 1909 ஆகஸ்டில் ஸ்வீடன் முழுக்க வேலைநிறுத்தம் நடந்தது, சுமார் 3 லட்சம் பேர் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். தொழிலாளர் பக்கம் தோற்றுப்போனது. ஊரில் இருந்து பிரயோஜனமில்லை என்று கப்பல் ஏறியவர்கள் பலர், அடுத்த ஆண்டு போன நில்ஸும் ஒருவன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1930 வரை அந்த நாட்டிலிருந்து அமெரிக்கா போனவர்கள் 12 லட்சத்துக்கும் மேல். ஒரு காலத்தில் ஸ்டாக்ஹோமுக்கு அடுத்தபடியாக ஸ்வீடன்காரர்கள் அதிகம் வாழ்ந்த நகரம் சிகாகோ என்பார்கள். நில்ஸும் அங்கேதான் போனான், டிராம் கண்டக்டர் வேலை கிடைத்தது. கிட்டத்தட்ட இரண்டு வருஷம் காசு சேர்த்த பிறகுதான் குடும்பத்தை வரவழைக்க முடிந்தது. ஐந்து பேருக்கும் சேர்த்து டிக்கெட் 21 பவுண்டு 1 ஷில்லிங் 6 பென்ஸ்.

அந்த இரண்டு வருஷம் பற்றி எந்த ஏட்டிலும் ஒரு வரி கிடையாது. எனக்கு அது தெரியும். விசா வரும்வரை திருநெல்வேலியில் மாமியார் வீட்டில் கைக்குழந்தையோடு இருந்தவள் நான். ஊரில் எல்லாரும் "எப்போ போறே?" என்று கேட்பார்கள். கிளம்புகிற அன்று யாராலும் நம்ப முடியாது. ஆல்மாவுக்கு நாலு பிள்ளை, போன் கிடையாது, கடிதம் போய்ச் சேரவே வாரக்கணக்காகும்.

கடைசி நேரத்தில் அவளைப் பார்த்த ஒருவர் பிழைத்தார். ஆகஸ்ட் வென்னர்ஸ்ட்ரோம், மால்மோவைச் சேர்ந்த சோஷலிஸ்ட், மூன்றாம் வகுப்புப் பயணி. ஆல்மா பிள்ளைகளோடு மேல்தளத்துக்கு வந்துசேர்ந்தபோது படகுகள் போய்விட்டிருந்தன. இரண்டு பிள்ளைகளை அவர் கையில் பிடித்துக்கொண்டார். தண்ணீர் ஏறியபோது பிடி விட்டுப்போனது. பின்னாளில் அவரே சொன்னது இது. அமெரிக்காவில் ஒரு ராணுவப் பள்ளியில் தோட்டக்காரராக வாழ்ந்து முடித்தார். மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் ஐம்பது பேருக்கு மேல் இறந்தார்கள். முதல் வகுப்பில் ஒரே ஒரு குழந்தை.

மௌத் ஆர்கனைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினாள் என்று இங்கே எல்லாரும் சொல்கிறார்கள். வாசித்திருக்கலாம். நாலு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நீண்ட பயணம் போகிறவளுக்கு அது தேவைதான்.

அதே சரிவில் கொஞ்சம் தள்ளி, பெயர் தெரியாக் குழந்தையின் கல். மக்கே-பென்னட் மாலுமிகளே செலவு செய்து வைத்தது. நான் போனபோது பொம்மைக் கரடி ஒன்று மழையில் நனைந்து கனத்துக் கிடந்தது. வெளிர் முடி, இரண்டு வயதிருக்கும் என்பதால், ஆல்மாவின் கோஸ்டா என்றே ஊர் நம்பியது. மாலுமிகளே சுமந்து வந்து அடக்கம் செய்தார்கள். 2001-ல் குழியைத் திறந்தபோது மூன்று பற்களும் ஒரு சிறு எலும்புத் துண்டும்தான் மிச்சம். மரபணுச் சோதனை, கோஸ்டா இல்லை, ஃபின்லாந்துக் குழந்தை ஐனோ பானுலா என்றது. ஆனால் அருங்காட்சியகத்து ஷூ 13 மாதக் குழந்தைக்குப் பெரிதாக இருந்தது. மறுபடி சோதித்து, 2007-ல் இங்கிலாந்தின் சிட்னி குட்வின் என்று முடிவானது, 19 மாதக் குழந்தை.

ஆய்வு சரிதான், அந்தக் குழந்தைக்கும் சொந்தப் பெயர் கிடைக்க வேண்டும்தான். ஆனாலும் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. ஆல்மாவிடம் இருந்த ஒரே பிள்ளையையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்களே என்று.

நாயோடு வந்த ஒரு பெண், என் குடை திரும்பிக்கொண்டு கம்பி ஒடிந்ததைப் பார்த்துத் தன் குடையை நீட்டினார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. "என் கோட்டில் தொப்பி இருக்கிறது, நாய்க்கு மழை பிடிக்கும்." பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்து வந்து, குடையை வாங்காமலே போய்விட்டார்.

ஜூன் 6, வெள்ளி

நாங்கள் தங்கியிருக்கும் வீட்டுக்கார அம்மா காலையில் ஓட்ஸ் கஞ்சி பரிமாறிக்கொண்டே, "டைட்டானிக்கைப் பார்க்க எல்லாரும் வருகிறார்கள், அட்லாண்டிக்கை யார் பார்க்கிறார்கள்?" என்றார். கடலைச் சொல்கிறாரோ என்று நினைத்தேன். கப்பலைச் சொன்னார். அங்கே பஸ் கிடையாது, தானே அழைத்துப்போவதாகவும் சொன்னார். பெட்ரோலுக்குப் பணம் கொடுத்தால் வாங்க மாட்டேன் என்றவர், சாப்பாடு வாங்கிக் கொடுத்தால் சரி என்றார்.

டெரன்ஸ் பே, ஹாலிஃபாக்ஸிலிருந்து அரைமணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. பாறை, குட்டை மரம், மறுபடி பாறை. இதே வைட் ஸ்டார் கம்பெனியின் அட்லாண்டிக் என்ற கப்பல், 1873 ஏப்ரல் 1 விடிகாலை இருட்டில் இந்தக் கரைப்பாறையில் மோதியது. லிவர்பூலிலிருந்து நியூயார்க் போகிற வழியில் கரி தீர்ந்துவிடும் என்று பயந்து ஹாலிஃபாக்ஸுக்குத் திருப்பியிருக்கிறார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஸ்காண்டிநேவியர்கள் உட்பட பெரும்பாலும் குடியேறப் போனவர்கள். ஏறிய பெண்களில் ஒருத்திகூடப் பிழைக்கவில்லை. குழந்தைகளில் பிழைத்தது ஜான் ஹிண்ட்லி என்ற ஒரே பையன். டைட்டானிக்குக்கு 39 வருஷம் முன்னால், கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில். மீனவர்கள் கயிறு பிடித்துப் பாறை மேல் இழுத்து, தங்கள் வீட்டு அடுப்படியில் படுக்கவைத்துக் காப்பாற்றியவர்கள் நூற்றுக்கணக்கில்.

இங்கே ஒரே குழியில் 277 பேர். பார்ன்ஸ்டெட் மாதிரி எண் போட்டுக் குறித்துவைத்த ஏடு எதுவும் என் கண்ணில் படவில்லை. அந்தக் குழியில் ஆல்மாக்கள் எத்தனை பேர் இருந்தார்கள், யார் எந்தக் கோட்டுப் போட்டிருந்தார்கள், கையில் என்ன வைத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

விளக்கக்கூடம் பூட்டியிருந்தது. கடலோர மரப்பாதையில் நடந்தோம். கருப்புக் கொசு என்று சொல்லலாம், கொசுவைவிடச் சின்னது, காதுக்குப் பின்னால் ரத்தம் வரும்வரை தெரியாது. வீட்டுக்கார அம்மா பையிலிருந்து ஒரு வலைத்தொப்பியை எடுத்துத் தன் தலையில் மாட்டிக்கொண்டு, "ஜூன் முடிந்தால் போய்விடும்" என்றார். அவரிடம் ஒன்றுதான் இருந்தது.

திரும்பும் வழியில் மீன் வறுவலும் உருளைச் சிப்ஸும், இரண்டு பேருக்கு 46 டாலர். ஹேடாக் மீன், மேல்மாவு மொறுமொறுவென்று, எண்ணெய் இழுக்காமல். இந்தப் பயணத்தில் சாப்பிட்டதிலேயே இதுதான் உருப்படி.

ஜூன் 7, சனி

வெயில்! கிளம்புகிற அன்றைக்கென்று.

கூட்டம் முடிந்த கணவரோடு துறைமுகச் சந்தைக்குப் போனேன். ஓட்ஸ் பிஸ்கட் வாங்கினோம், மேலே சாக்லேட் தோய்த்தது. பக்கத்திலேயே பியர் 21, குடியேற்ற அருங்காட்சியகம். 1928 முதல் 1971 வரை கப்பலில் வந்தவர்கள் கனடாவுக்குள் நுழைந்த கொட்டகை. பெயர் தேடித் தரும் மேசையில் இருந்தவர், "யாரைத் தேடுகிறீர்கள்? உங்கள் குடும்பமா?" என்று கேட்டார். இல்லை, ஸ்வீடன்காரி, 1912, நியூயார்க் போக வேண்டியவள் என்றேன். "அப்படியானால் எங்களிடம் இருக்க மாட்டாளே" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். சிகாகோவில் நில்ஸும் கம்பெனி அலுவலகத்துக்குப் போய்ப் பிழைத்தவர்கள் பட்டியலில் பெயர் தேடச் சொல்லியிருக்கிறான். ஐந்து பெயரில் ஒன்றுகூட அதில் இல்லை.

விமானத்தில் கணவரிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். காலுறை விஷயத்தில் அவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "டிராம் கண்டக்டர் சம்பளத்தில் 21 பவுண்டு சேர்க்கிறது லேசில்லை" என்றார். பிஸ்கட் ஒன்றுக்கு 4 டாலர் கொடுத்ததைப் பற்றியும் அப்போதே ஆரம்பித்தார். ஆளுக்கு இரண்டாகச் சாப்பிட்டு முடித்தோம்.